மூன்று கோடி காக்கைகளும் ஒரு பனம்பழமும்: 187 ஹெர்ட்ஸில் தெரிந்த ஒரு துடிப்பின் கதை

பத்து நாளில் இரண்டாவது தடவையாக "அண்ணா, பல்சர் மாட்டிக்கிச்சு" என்று வந்து நின்றான் தம்பி. பல்சர் என்றால் பைக் இல்லை, வேகமாகச் சுழன்றபடி சீராகத் துடிக்கும் நியூட்ரான் விண்மீன், அதாவது பெரிய விண்மீன் வெடித்தபின் மிஞ்சும் அடர்த்தியான கரு. முதல் தடவை வந்தது இரவு பதினொன்றரைக்கு. இந்தத் தடவை ஞாயிற்றுக்கிழமை காலை, நான் இன்னும் பல்கூடத் தேய்த்திருக்கவில்லை.

சொந்தத் தம்பி இல்லை. நாகர்கோவில் பையன். இயற்பியலில் முதுகலை முடித்துவிட்டு ஆராய்ச்சிப் படிப்புக்கு முயன்றுகொண்டிருக்கிறான். அல்சூரில் நான் இருக்கும் வீட்டின் மாடி அறையில் குடியிருக்கிறான். நானும் ஒரு காலத்தில் மதுரையில் அதே படிப்பைப் படித்தவன்தான், இப்போது சர்வர் லாக் பார்த்து வயிறு வளர்க்கிறேன். எங்கள் இருவருக்கும் மேலே ஒரு அக்கா உண்டு. பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர், எக்ஸ் கதிர் விண்மீன்களோடு இருபது வருடம் மல்லுக்கட்டியவர். நாங்கள் மூவரும் ஒரு சிகரத்தை எப்படி நம்பினோம், பிறகு எப்படிக் கைவிட்டோம் என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

கையில் இருந்த தரவு

இந்தியாவின் விண்வெளி ஆய்வுச் செயற்கைக்கோளான ஆஸ்ட்ரோசாட் 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. சுமார் 650 கி.மீ. உயரத்தில் பூமியை ஏறத்தாழ 98 நிமிடத்துக்கு ஒரு முறை சுற்றும். அதில் உள்ள லாக்ஸ்பிசி என்ற கருவி மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவானது. மூன்று பெரிய வாயுப் பெட்டிகள். 3 முதல் 80 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரையிலான எக்ஸ் கதிர் ஃபோட்டான் ஒவ்வொன்றும் வந்து விழும் நேரத்தை 10 மைக்ரோ நொடித் துல்லியத்தில் குறித்து வைக்கும். அந்தத் தரவு பெங்களூருக்கு வெளியே பியாலாலுவில் உள்ள இஸ்ரோவின் தரவு மையத்தில் சேர்கிறது. பெயரைப் பதிந்துகொண்டால் யாரும் இறக்கிக்கொள்ளலாம். மாடி அறைப் பையன் ஒருவன் நியூட்ரான் விண்மீனைத் தேட முடிவது இதனால்தான்.

நாங்கள் எடுத்துக்கொண்டது ஓர் எக்ஸ் கதிர் இருமை விண்மீன். ஒரு நியூட்ரான் விண்மீன், அதற்குத் தன் வாயுவை இழந்துகொண்டிருக்கும் ஒரு சிறிய துணை. நியூட்ரான் விண்மீன் தன்னைத்தானே எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்பது தெரியாது. அதைக் கண்டுபிடிப்பதுதான் ஆசை. நான்கு நோக்குதல்கள் இருந்தன. இந்தக் கதை நடப்பது மூன்றாவதில். தொடக்கத்திலிருந்து முடிவு வரை 60,000 நொடி, அதாவது பதினாறே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் பூமி குறுக்கே வரும் நேரத்தையும், தென் அட்லாண்டிக்குக்கு மேலே கதிர்வீச்சு மிகுந்த பகுதியைக் கடக்கும் நேரத்தையும் கழித்தால் உருப்படியாகக் கிடைத்தது 27,000 நொடிதான். ஃபோட்டான்கள் 50 லட்சம். நொடிக்கு 185 என்று வைத்துக்கொள்ளலாம், பின்னணி இரைச்சலும் அதில் சேர்த்தி.

நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பூமி சூரியனைச் சுற்றுவதால் ஒரே துடிப்பு வருடத்தின் ஒரு பகுதியில் 8 நிமிடம் முன்னாலும் இன்னொரு பகுதியில் அதே அளவு பின்னாலும் வரக்கூடும். செயற்கைக்கோள் பூமியைச் சுற்றுவதால் மேலும் 23 மில்லி நொடி இப்படியும் அப்படியும் ஆடும். எனவே ஒவ்வொரு ஃபோட்டானின் நேரத்தையும் சூரியக் குடும்பத்தின் நிறைமையத்தில் நின்று பார்த்தால் எப்போது வந்திருக்குமோ அந்த நேரத்துக்கு மாற்ற வேண்டும். 23 மில்லி நொடி அற்பமாகத் தோன்றும். நொடிக்கு 187 தடவை துடிக்கும் பொருளுக்கு அது நான்கு முழுத் துடிப்பு.

256

முதல் தடவை தம்பி கண்டுபிடித்தது 256 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 256 துடிப்பு. ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் துடிப்பு எவ்வளவு பலமாக இருக்கிறது என்று வரைந்த படத்தில் அங்கே ஒரு சிகரம் எழும்பியிருந்தது. சிகரத்தின் உயரம் சுமார் 20 லட்சம். வெறும் இரைச்சலாக இருந்தால் அந்த அளவையின் சராசரி 2.

நான் படத்தைக்கூடப் பார்க்கவில்லை. "எவ்வளவுன்னு சொன்ன?"

"இருநூத்தி ஐம்பத்தாறு புள்ளி பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம்ணா. அவ்வளவு ஷார்ப்பா இருக்கு."

பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கிற யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், 256 வானத்தின் எண்ணா கம்ப்யூட்டரின் எண்ணா என்று. நேரங்களைத் தொடக்க நொடியிலிருந்து கழித்து, இடம் மிச்சம் பிடிக்க 32 பிட் ஃப்ளோட்டில், அதாவது தசம எண்களைக் குறைந்த துல்லியத்தில் வைக்கும் வடிவத்தில், சேமித்திருந்தான். அந்த வடிவத்தில் 32,768 நொடியைத் தாண்டிய எண்ணுக்கு இருக்கும் மிகச் சிறிய படி 1/256 நொடி. நோக்குதலின் பின்பாதி ஃபோட்டான்கள் எல்லாம் வரிசைக்கு வந்துவிட்டன, பள்ளிக்கூட அசெம்பிளி மாதிரி. 512 ஹெர்ட்ஸில் இன்னும் பெரிய சிகரம் இருந்திருக்கும். நாங்கள் தேடலை 500-லேயே நிறுத்தியிருந்ததால் அது கண்ணில் படவில்லை.

இதில் எனக்கு உறைத்தது வேறு ஒன்று. இதே நிரலை முதலில் நண்டு நெபுலா பல்சரில் ஓட்டிச் சரிபார்த்திருந்தோம். நொடிக்குக் கிட்டத்தட்ட 29.6 துடிப்பு, ஒரு நாளைக்குச் சுமார் 36 நானோ நொடி வீதம் மெதுவாகிக்கொண்டே போகும் நல்ல பிள்ளை. சிகரம் அழகாக வந்தது. ஆனால் அந்த நோக்குதல் 8,000 நொடிக்குள் முடிந்துவிட்டது. அவ்வளவு நேரத்தில் ஃப்ளோட்டின் படி அரை மில்லி நொடிதான், 33 மில்லி நொடித் துடிப்பில் அது தெரியவே தெரியாது. கருவியைச் சுலபமான இடத்தில் சோதித்துவிட்டுக் கஷ்டமான இடத்துக்குக் கொண்டுபோயிருந்தோம். தவறு முழுக்க எங்களுடையது. எட்டிப் பார்த்துச் சரி என்று தலையாட்டியவன் நான்.

இப்படி ஏமாந்தவர்கள் நாங்கள் மட்டும் இல்லை என்பது ஒரு ஆறுதல். 1987-இல் வெடித்த சூப்பர்நோவாவின் நடுவில் நொடிக்கு 1968.63 தடவை துடிக்கும் பல்சர் இருப்பதாக 1989 ஜனவரியில் சிலியின் செர்ரோ டோலோலோவில் எடுத்த தரவு சொன்னது. அது உண்மையாக இருந்தால் நியூட்ரான் விண்மீன் இயற்பியலையே திருத்தி எழுத வேண்டியிருக்கும், பலர் எழுதவும் உட்கார்ந்தார்கள். ஏறத்தாழ ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது, துடித்தது தொலைநோக்கியை வழிநடத்திய டிவி கேமரா.

187

64 பிட்டுக்கு மாற்றி மறுபடி ஓட்டியதில் 256 காணாமல் போனது. பத்து நாள் கழித்து 187 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் வேறொரு சிகரம். உயரம் 46. இது சில்லறை விஷயம் இல்லை.

46 என்ற எண் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஓர் அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு ஃபோட்டானும் அந்த அதிர்வெண்ணின் சுற்றில் எந்தக் கட்டத்தில் வந்தது என்று பாருங்கள், கடிகார முள் எந்தப் பக்கம் காட்டியது என்பது போல. முள் காட்டும் திசையில் ஓர் அடி எடுத்து வையுங்கள். துடிப்பு இல்லையென்றால் அந்த நடை கண்ணைக் கட்டிவிட்ட குழந்தையின் நடை. 50 லட்சம் அடி வைத்தாலும் புறப்பட்ட இடத்திலிருந்து வழக்கமாக ஏறத்தாழ 2,200 அடி தூரத்தில்தான் நிற்கும். துடிப்பு இருந்தால் ஒரு பக்கமாக இழுக்கும். போய்ச் சேர்ந்த தூரத்தின் வர்க்கத்தை இரண்டால் பெருக்கி ஃபோட்டான் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் ராலே சோதனையின் அளவை, பழக்கத்தில் இசட் ஸ்கொயர். தம்பியின் குழந்தை 10,700 அடி தூரம் போயிருந்தது.

துடிப்பின் வடிவம் சைன் அலைபோல வழவழப்பாக இருந்தால் இது போதும். ஊசிபோலக் கூராக இருந்தால் மேல் சுரங்களையும், அதாவது அதே அதிர்வெண்ணின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று போவதையும், கூட்ட வேண்டும். அதற்கு புச்சேரியும் கூட்டாளிகளும் 1983-இல் தந்த விரிவாக்கம் இருக்கிறது. எத்தனை மேல் சுரம் என்று நமக்குத் தெரியாதபோது 1 முதல் 20 வரை பார்த்துத் தண்டனைப் புள்ளி கழித்துச் சிறந்ததை எடுக்கும் எச் சோதனை, 1989-இல் டி யாகர் குழு தந்தது. தம்பி எல்லாவற்றையும் ஓட்டியிருந்தான். இந்தத் தாராள மனசு பின்னால் வினையாக முடிந்தது.

50 லட்சம் ஃபோட்டானுக்கும் மூன்று கோடி அதிர்வெண்ணுக்கும் நேரடியாகக் கணக்குப் போட்டால் மாடி அறைக் கரண்ட் பில் தாங்காது. அரை மில்லி நொடிக்கு ஒரு டப்பா வீதம் 12 கோடி டப்பாவில் ஃபோட்டான்களைக் கொட்டி, எல்லா அதிர்வெண்களின் பலத்தையும் ஒரே ஓட்டத்தில் கணக்கிடும் வேக ஃபூரியர் உருமாற்றம் செய்து, எழும்பி நிற்கும் இடங்களில் மட்டும் டப்பா இல்லாமல் நுணுக்கமாகப் பார்ப்பதுதான் வழி. இரண்டு அடுத்தடுத்த அதிர்வெண்களுக்கு நட்ட நடுவில் துடிப்பு விழுந்தால் உருமாற்றத்தில் அதன் பலம் 40 சதவீதமாகச் சுருங்கிவிடும், அதற்காக இடைப்பட்ட இடங்களையும் தடவிப் பார்க்க வேண்டும்.

தம்பியிடம் மூன்று ஆதாரங்கள் இருந்தன. ஒன்று, உயரம் 46. இரண்டு, நிறைமையத் திருத்தத்தை எடுத்துவிட்டால் சிகரம் மறைகிறது, ஆக இது கருவிக் கோளாறு இல்லை. மூன்று, நேரம் போகப் போகச் சிகரம் நேர்கோட்டில் வளர்கிறது. முன்பாதியில் 25, பின்பாதியில் 23. உண்மையான துடிப்பு இப்படித்தான் வளரும்.

எனக்குத் திருப்தியாக இருந்தது. வெளியில் சொல்வதற்கு முன்னால் அக்காவிடம் காட்டிவிடலாம் என்று மட்டும் தோன்றியது.

பை-டூ காபி

அக்காவைச் சந்தித்தது ஒரு தர்ஷினியில், அதாவது பெங்களூர்ச் சிற்றுண்டிக் கடையில், நின்றுகொண்டே சாப்பிடும் மேசையில். தட்டே இட்லி வந்தது, ஒன்றை இரண்டாகப் பகிர்ந்த பை-டூ காபி வந்தது. அவர் பில்லைத் திருப்பி வைத்து என் பேனாவை வாங்கினார்.

"46-ல பாதி 23. வெறும் இரைச்சலே ஒரு ஃப்ரீக்வென்சியில இவ்வளவு உயரம் வர்றதுக்கு வாய்ப்பு, இ-யோட மைனஸ் 23-ஆவது அடுக்கு. எவ்வளவு வரும்?"

"ஆயிரம் கோடியில ஒண்ணுக்கா."

"எத்தனை ஃப்ரீக்வென்சி பாத்த?"

"500 ஹெர்ட்ஸ் இன்ட்டு 60,000. மூணு கோடி."

"காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதை தெரியும்ல? மூணு கோடி காக்காவை உக்கார வெச்சிருக்க."

தம்பி விடவில்லை. "பெருக்கினாலும் ஆயிரத்துக்கு மூணுதானேக்கா வருது? நல்ல நம்பர்தானே?"

"நீ தோப்புக்கு ஒரே ஒரு தடவை போயிருந்தா நல்ல நம்பர். எத்தனை தடவை போன?"

அங்கேதான் அவன் முகம் மாறியது. போனை எடுத்து எண்ண ஆரம்பித்தான். நோக்குதல்கள் நான்கு. ஆற்றல் பட்டைகள் மூன்று: 3 முதல் 20 வரை, 3 முதல் 10, 10 முதல் 20. பெட்டிகளை எல்லாம் சேர்த்து ஒரு தடவை, ஒரே பெட்டியை வைத்து ஒரு தடவை. சோதனைகள் மூன்று வகை. அக்கா பில்லில் 4, 3, 2, 3 என்று எழுதிப் பெருக்கினார். 72. ஆயிரத்துக்கு மூன்றை 72-ஆல் பெருக்கினால் 0.22. கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று. இட்லி ஆறுவதற்குள் ஆயிரம் கோடியில் ஒன்றாக இருந்தது ஐந்தில் ஒன்றாகிவிட்டது.

"எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இல்லாதது கிடையாது. அதனால உண்மையான நம்பர் கொஞ்சம் குறையும்" என்றார். பிறகு, "அழிச்ச ஃபோல்டர் ஏதாவது இருக்கா?"

இருந்தது. என்ன தேடினோம் என்று ஞாபகம் இல்லாத ஒரு ஃபோல்டர்.

அவர் சொன்னபடி போலித் தரவு செய்தோம். அதே இடைவெளிகள், அதே எண்ணிக்கை, துடிப்பு மட்டும் கிடையாது. நூறு செட். ஒவ்வொன்றையும் 72 வழியிலும் தேடினோம். ஒரு வாரம் லேப்டாப் விசிறி நிற்கவில்லை. 13 செட்டில் 46-ஐத் தாண்டிய சிகரம் எங்காவது ஓரிடத்தில் வந்தது.

மற்ற இரண்டு ஆதாரங்களும் அன்றே போயின. எனக்கு இதுதான் இந்த ஆய்விலேயே ருசியான பகுதி, ஏனென்றால் நானும் அவற்றில் ஏமாந்திருந்தேன். நிறைமையத் திருத்தத்தை எடுத்தால் சிகரம் மறைகிறது என்பது உண்மை. ஆனால் அதிர்ஷ்டத்தில் எழுந்த சிகரமும் மறையும். 50 லட்சம் நேரங்களையும் நான்கு துடிப்பு அளவுக்கு முன்னும் பின்னும் ஆட்டிவிட்டால், தற்செயலாகச் சேர்ந்த கூட்டம் கலையாமல் என்ன செய்யும்? செயற்கைக்கோளின் சொந்தக் கடிகாரத்தோடு ஒட்டிய கோளாறு இல்லை என்பதை மட்டும் அந்தச் சோதனை சொல்கிறது. வானத்திலிருந்து வந்தது என்று சொல்லவே இல்லை.

நேர்கோட்டு வளர்ச்சியும் அப்படித்தான். மூன்று கோடி குழந்தைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்ததில் கடைசியில் அதிக தூரம் போனவளை நாம் தேர்ந்தெடுத்திருக்கிறோம். அவள் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தால், சராசரியில், அது நேராகத்தான் தெரியும். பாதி நேரத்தில் பாதி தூரம் வராதவள் கடைசியில் அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டாள். 25-ம் 23-ம் தேர்வின் விளைவு. புதிய சாட்சி என்றால் தேர்வில் சேராத தரவிலிருந்துதான் வர வேண்டும்.

மெல்லிய சிகரம்

அக்கா பில்லை மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டுக் கேட்ட கடைசிக் கேள்விதான் கதையை முடித்தது. "சிகரம் எவ்வளவு அகலம்?"

"ஒரே ஒரு ஃப்ரீக்வென்சி கட்டம்தான்க்கா. ரொம்ப மெல்லிசு." பெருமையாகத்தான் சொன்னான்.

"இன்னொரு நட்சத்திரத்தோட சேர்ந்து சுத்துற ஒண்ணு, பதினாறு மணி நேரம் சுருதி விலகாம பாடுமா?"

இதற்கு ஒரு உரைகல் இருக்கிறது. சாக்ஸ் ஜே1808 என்ற மூலம். 1998-இல் ஆர்எக்ஸ்டிஇ செயற்கைக்கோள் தரவில் நொடிக்கு 401 துடிப்பு அதில் கிடைத்தது, இந்த வகையில் அதுதான் முதல். அது தன் துணையோடு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சுற்று வருகிறது. சுற்றுப்பாதையின் அளவு, நம் பார்வைக் கோட்டில், சுமார் 63 ஒளி மில்லி நொடி. சுற்றும்போது நம்மை நெருங்கியும் விலகியும் போவதால், கணக்குப் போட்டால் துடிப்பின் அதிர்வெண் 0.02 ஹெர்ட்ஸ் மேலும் கீழும் ஆடும். எங்கள் 60,000 நொடித் தரவில் ஒரு கட்டத்தின் அகலம் 0.000017 ஹெர்ட்ஸ். அந்தப் பல்சர் எங்கள் படத்தில் இருந்தால் ஒரே ஊசியாக நிற்காது. இரண்டாயிரத்துச் சொச்சம் கட்டங்களில் பரவிக் கரைந்திருக்கும். எங்கள் சிகரம் மெல்லியதாக இருந்ததே அதன் மேல் வைக்க வேண்டிய சந்தேகம். சுற்றுப்பாதை நீண்ட நாட்கள் கொண்டதாகவோ, நமக்குத் தட்டையாக முகம் காட்டுவதாகவோ இருந்தால் தப்பிக்கலாம். இந்த மூலத்துக்கு அப்படி நினைக்க எங்களிடம் காரணம் எதுவும் இல்லை.

இருந்தாலும் மரியாதைக்கு நான்காவது நோக்குதலில் 187-க்கு இருபுறமும் 0.06 ஹெர்ட்ஸ் தேடினோம். 7,200 கட்டம். தற்செயலாகவே 18 வரை வரலாம், நம்ப வேண்டுமானால் 27-ஐத் தாண்ட வேண்டும் என்று தேடுவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்தோம். வந்தது 19.

ஜெமிங்கா ஞாபகம் வந்தது. அந்தக் காமா கதிர் மூலத்துக்கு 59 நொடிக்கு ஒரு துடிப்பு இருப்பதாக 1980-களில் சொன்னார்கள். புள்ளியியல்காரர்கள் சந்தேகப்பட்டார்கள். 1992-இல் ரோசாட் என்ற எக்ஸ் கதிர்ச் செயற்கைக்கோளின் தரவில் உண்மையான துடிப்பு கிடைத்தது, 237 மில்லி நொடி. 59 நொடி மறைந்தே போனது. மிலான் வட்டார மொழியில் அந்தப் பெயருக்கு "அங்கே இல்லை" என்றும் பொருள் வரும் என்பார்கள்.

முடிவாக எழுதியது

துடிப்பு கிடைக்கவில்லை. அப்படியானால் துடிப்பின் ஏற்ற இறக்கம் எந்த அளவுக்கு மேலே இல்லை என்று எழுத வேண்டும், அதிலும் ஒரு சண்டை வந்தது. தம்பி முதலில் எழுதியது 0.46 சதவீதம். எல்லாத் தேடல்களையும் எண்ணிக்கையில் சேர்த்து, நூற்றில் ஒரு தவறுக்கு மட்டும் இடம் கொடுத்தால் சிகரம் 52-ஐத் தாண்ட வேண்டும். 50 லட்சம் ஃபோட்டானில் அதற்குத் தேவையான ஏற்ற இறக்கம் அவ்வளவுதான். கணக்குச் சரி. ஆனால் அது சுருதி விலகாத துடிப்புக்கு மட்டுமே பொருந்தும். அப்படிப்பட்ட துடிப்பு இங்கே இருக்காது என்றுதானே சற்று முன்பு வாதாடினோம்.

இரண்டு மணி நேரச் சுற்றுப்பாதைக்கு இடம் கொடுத்தால், 200 ஹெர்ட்ஸ் பக்கம், தரவை 300 நொடித் துண்டுகளாக நறுக்கித்தான் தேட முடியும். அதற்குமேல் நீட்டினால் துடிப்பு கரைய ஆரம்பித்துவிடும். ஒரு துண்டில் 55,500 ஃபோட்டான். 90 துண்டு. சிகரம் 42-ஐத் தாண்ட வேண்டும். கணக்கு 3.9 சதவீதத்தில் வந்து நின்றது, பின்னணியையும் சேர்த்த எண்ணிக்கையில்.

"எட்டு மடங்கு கெட்டுப்போச்சேண்ணா" என்றான். 0.46-ஐ அடித்துவிட்டு 3.9 என்று எழுதி, பக்கத்தில் தேடல்களின் எண்ணிக்கையையும் குறித்தான். அழித்த ஃபோல்டருக்கு நேராக ஒரு கேள்விக்குறி.